ஐன்ஸ்டைன் காலி

செல்வம்: மாமா, ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைன் காலி! குவேசார் ஒன்று, அதுதான் தூரத்து விண்மீன் மண்டலத்தின் பிரகாசமான நடுப்பகுதி, ஒளியைவிட ஒன்பது மடங்கு வேகத்தில் எதையோ கக்குதாம். அந்த வீடியோவை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.

தபால் மாமா: முழுக்கப் பார்த்தாயா?

செல்வம்: தலைப்பைப் பார்த்தேன். அதோடு டேட்டா முடிஞ்சிருச்சு.

மாமா: உன் டேட்டா முடிந்ததற்கு அந்த மனுசனா பலி? அந்தக் குவேசார் பேர் 3சி 273. 1977 தொடங்கி 1980 வரை ரேடியோ தொலைநோக்கிகளில் பார்த்தார்கள். மூன்று வருசத்தில் அது கக்கிய ஒரு குமிழ் 25 ஒளியாண்டு, அதாவது ஒளியே 25 வருசம் ஓடுகிற தூரம், நகர்ந்த மாதிரி தெரிந்தது.

செல்வம்: அப்ப காலிதானே!

மாமா: 'மாதிரி'யை எங்கேடா விட்டாய்? உங்கப்பா கதிர்காமத்திலிருந்து நடந்து வந்தாரே, புறப்பட்ட அன்று ஒரு கடிதம் போட்டார், நோர்வூட் வந்ததும் இன்னொன்று. முதல் கடிதம் திங்கள் வந்தது, மற்றது செவ்வாய். ஒரே நாளில் வந்துவிட்டார் என்று உங்கம்மா கற்பூரம் கொளுத்தினாள்.

செல்வம்: தபால் அவ்வளவு மெதுவா?

மாமா: உங்கப்பாவைவிடக் கொஞ்சம் வேகம். குமிழும் அப்படித்தான், தான் விட்ட ஒளியைத் தானே துரத்திக்கொண்டு வருகிறது. ஒளி வேகத்தில் 99 சதவீதம், நம் பக்கமாக, நம் பார்வைக் கோட்டிலிருந்து 8 பாகை சாய்வு என்று வை. அது பத்து வருசம் ஓடிய ஓட்டம் நமக்கு இரண்டரை மாதத்துக்குள் தெரிந்துவிடும். அதில் பக்கவாட்டில் நகர்ந்ததைத்தான் நாம் பார்க்கிறோம். அதை மட்டும் கணக்குப் போட்டாலே ஒளியைவிட ஏழு மடங்கு வேகம். இப்படித் தெரியும் என்று மார்ட்டின் ரீஸ் என்ற வானியலாளர் 1966-லேயே சொல்லிவிட்டார், ஐன்ஸ்டைன் கணக்கை வைத்தே.

செல்வம்: அப்ப போன வாரம் பொலிஸ் ரேடாரில் விழுந்த என் வேகமும் வெறும் தோற்றமா?

மாமா: அதற்கு உன் திரீவீல் ஒளிக்குக் கிட்டவாவது போகணும். கொட்டகலை ஏற்றத்தில் ஆளை இறக்கித் தள்ளச் சொல்கிற வண்டி.

செல்வம்: பாவம், ஐன்ஸ்டைன்.

மாமா: இப்பத்தான் பாவமா?

செல்வம்: சரி, ஒளியைவிட வேகமாக ஒன்றுமே இல்லையா?

மாமா: இருக்கிறதே, தேர்தல் மேடையில் சம்பள உயர்வு. தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 1,000 ரூபா கேட்டது 2015-ல், வர்த்தமானி வந்தது 2021-ல்.

செல்வம்: வந்துச்சுதானே மாமா?

மாமா: வந்தது. கொழுந்து இன்னும் கூடப் பறிக்காவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், என்பதையும் கூட்டிக்கொண்டு வந்தது.