பிரேக் பேட் செய்தவன் பாதியில் விட்ட வேலையை நான் ஏன் அரம் போட்டு முடிக்க வேண்டும்?

காரின் பிரேக் பேடையும், அது கவ்விப் பிடிக்கும் ரோட்டரையும் (வீலோடு சுற்றும் இரும்புத் தட்டு) மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வீலைக் கழற்று, பேடை அழுத்தும் காலிப்பரின் இரண்டு போல்ட்டைக் கழற்று, அதைத் தாங்கும் பிராக்கெட்டையும் கழற்று, பழையதை எடு, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ளு, புதியதை வை, மூடு. அவ்வளவுதான் வேலை. அப்புறம் ஏன் ஒரு முழுப் பகலும் போய், விரல் முட்டியெல்லாம் தோலுரிந்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு தரையில் கிடக்க வேண்டியிருக்கிறது? பேட் தயாரித்த புண்ணியவான் தன் வேலையில் கடைசிப் பங்கை நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டான், அதனால்தான்.

பேடின் இரும்புத் தகட்டுக்கு இரண்டு முனையிலும் காது மாதிரி சின்ன நீட்டல் இருக்கும். பிராக்கெட்டில் இருக்கும் எஃகு கிளிப்புக்குள் அந்தக் காது, விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பெடலை மிதித்தால் பேட் ரோட்டரை நோக்கி நகர வேண்டும், காலை எடுத்ததும் பிடியை விட வேண்டும். இரண்டுமே அந்தச் சின்ன இடைவெளியை நம்பித்தான் நடக்கின்றன. நான் வாங்கிய பேடில் அங்கேதான் பெயிண்டை அள்ளி ஊற்றி வைத்திருக்கிறார்கள். மூலையில் ஒரு சொட்டு வடிந்து அப்படியே உறைந்து நிற்கிறது. கிளிப்பின் வாயில் வைத்தால் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது.

இந்த இடத்தில் பலரும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, 'உட்கார்ந்துடுச்சு' என்பார்கள். உட்காரத்தான் செய்யும், திரும்ப எழுந்திருக்காது. பேட் ரோட்டரை உரசிக்கொண்டே ஓடும், வீல் சூடாகும், ஒரு பேட் மட்டும் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'மலிவு பேட், சீக்கிரம் போயிடுச்சு' என்று ஒரு தீர்ப்பு வேறு.

ஆகவே அரம். கருப்புப் பெயிண்ட் தூளாக உதிர்ந்து உள்ளே இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்ப்பது, கிளிப்பில் வைத்துப் பார்ப்பது, இன்னும் ஒரு இழுப்பு, மறுபடி வைத்துப் பார்ப்பது. முன்பக்கத்துக்கு மட்டும் நான்கு பேட், எட்டுக் காது. இந்தக் கூலியை நான் யாரிடம் போய்க் கேட்பது?

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், பிராக்கெட்டிலும் குற்றம் உண்டு. பழைய கிளிப்புக்கு அடியில் துரு ஏறி, கிளிப்பையே மேலே தூக்கி இடைவெளியைக் குறுக்கிவிடும். அதைச் சுரண்டுவது நம் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புது கிளிப் நான்கை பெட்டிக்குள் போட்டால் என்ன குறைந்துவிடும்? பெட்டியின் மேல் அச்சடித்த படத்தில் கிளிப் இருக்கிறது. உள்ளே இல்லை.

பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. தீப்பிழம்பு, பந்தயக் கார், 'செராமிக்', 'ஸ்போர்ட்'. நமக்கு உண்மையில் வேண்டிய தகவலோ பேடின் விளிம்பில் எறும்பு எழுத்தில் இருக்கிறது. 'எஃப்எஃப்' என்று இரண்டு எழுத்து. முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் பேடின் உராய்வு எவ்வளவு என்று சொல்லும், இரண்டாவது நன்றாகச் சூடான பிறகு எவ்வளவு என்று சொல்லும். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை. இதைப் பெட்டியில் பெரிதாகப் போட எவருக்கும் மனசு வராது. ஐரோப்பிய ஆர்90 முத்திரை மட்டும் அழகாக இருக்கிறது. உராய்வு ஒரிஜினல் பேடுக்கு 15 சதவீதத்துக்குள் இருக்கும் என்று அர்த்தம். சரி, ரொம்ப சந்தோஷம். உள்ளே போனால்தானே ஐயா உராயும்?

ரோட்டர் பக்கம் வந்தால் முதல் எரிச்சல் கார் கம்பெனி வைத்தது. வீல் மாட்டும் நடுப்பகுதியான ஹப்போடு சேர்த்து ரோட்டரைப் பிடிக்கும் ஒரு சின்ன ஸ்டார் தலை ஸ்க்ரூ. தொழிற்சாலையில் வீல் மாட்டும்வரை ரோட்டர் விழாமல் இருக்கத்தான் அது. வண்டி ஓடும்போது ரோட்டரைப் பிடித்துக்கொள்வது வீல் நட்டுகள். சில வருடம் துருப்பிடித்த பிறகு அதில் சாதாரண ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினால், தலை வழவழவென்று மழுங்கிப் போய்விடும். சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர் இருந்தால் பிழைத்தோம், இல்லையென்றால் டிரில்தான். வீடியோக்களில் மட்டும் இந்த ஸ்க்ரூ வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோலக் கழன்று வருகிறது. அந்த வண்டிகள் மழையையே பார்க்காதவை போலிருக்கிறது.

ஸ்க்ரூ போனாலும் ரோட்டர் வராது, ஹப்போடு துருவால் ஒட்டியிருக்கும். பழைய ரோட்டரில் இதற்கென்றே மரை போட்ட இரண்டு துளைகள் இருந்தன. அவற்றில் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை மாற்றி மாற்றித் திருகினால் ரோட்டர் தானாகக் கிளம்பி வருகிறது. புதிதாக வாங்கியதில் அந்தத் துளையே இல்லை! மரை போடும் செலவை மிச்சம் பிடித்துவிட்டார்கள். அடுத்த முறை கழற்றுகிறவன் அடித்துச் சாகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று. பூச்சு இல்லாத புது ரோட்டர், துரு வராமலிருக்க எண்ணெய் தடவித்தான் வரும். பிரேக் கிளீனர் அடித்து இரண்டு முகத்தையும் துடைக்காமல் மாட்டினால் அந்த எண்ணெயைப் புதுப் பேட் குடித்துவிடும். ஹப் முகத்தில் துருச் செதிள் ஒன்று மாட்டிக்கொண்டால் ரோட்டர் லேசாக ஆடிக்கொண்டே சுற்றும், 0.05 மில்லிமீட்டர் ஆட்டமே பல வண்டிகளுக்கு அதிகம், போகப்போகப் பெடல் நடுங்க ஆரம்பிக்கும். வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல தடவை மிதித்துப் பிஸ்டனை வெளியே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் முதல் மிதி நேராகத் தரைக்குப் போகும். உயிர் சம்பந்தப்பட்ட இத்தனை விஷயத்தில் ஒரு வரிகூடப் பெட்டியில் கிடையாது.

'ஒரிஜினலே வாங்கியிருக்கலாமே' என்று கிளம்பி வருகிறவர்களுக்கு: பிரெம்போ, அகெபோனோ மாதிரி நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் செய்து கொடுக்கின்றன, தங்கள் பெட்டியிலும் விற்கின்றன. வெளிச் சந்தைப் பாகம் என்பதாலேயே ஒன்று மட்டமாகிவிடாது. பிரேக் தகட்டைக் கடைசியாக ஒரு தடவை கிளிப்பில் வைத்துப் பார்க்கச் சோம்பல்பட்டவன் மேல்தான் எனக்குக் கோபம்.

பெட்டிக்குள் ஒரே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. இருபது மொழி இருக்கும், எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: தகுதி பெற்ற மெக்கானிக் மட்டுமே பொருத்த வேண்டும். மெக்கானிக் கைக்குப் போவதும் இதே காதுதான், இதே பெயிண்ட்தான். அவர் நேரம் இருந்தால் அரத்தைத் தேடுவார், வாசலில் இன்னும் நான்கு வண்டி நின்றால் சுத்தியலைத் தேடுவார்.