ஆஸ்பத்திரி எலக்ட்ரிகல் வேலையில் சேரப்போகிறவர்களுக்கு

போன வாரம் ஒரு பையன் போன் செய்தான். எலக்ட்ரிகல் இன்ஜினீயரிங் முடித்து இரண்டு வருடம் ஆகிறது, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் போல இருக்கிறது. "சேரலாமா சார்? லைட்டும் ஃபேனும் மாத்துற வேலைதானேன்னு வீட்டுல சொல்றாங்க" என்றான். அரை மணி நேரம் பேசினேன். போனை வைத்த பிறகும் சொல்ல வேண்டியது நிறைய பாக்கி இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நானும் ஃபாக்டரியிலிருந்து இந்தப் பக்கம் வந்தவன்தான். பதினாறு வருடம் ஆகிறது. ஃபாக்டரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், ஃபால்ட் வந்தால் பிரேக்கர் அந்த நொடியே ட்ரிப் ஆகி சப்ளையை நிறுத்த வேண்டும் என்பது. இங்கே வந்தால், ஆபரேஷன் தியேட்டரில் முதல் ஃபால்ட்டுக்கு சப்ளை போகவே கூடாது என்கிறார்கள். படித்ததைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். தியேட்டருக்கும் ஐசியூவுக்கும் தனியாக ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள். அதன் செகண்டரியில், அதாவது கரண்ட் வெளியே வரும் பக்கத்தில், எந்த முனையும் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அதனால் ஏதோ ஒரு கருவியில் ஒரு வயர் எர்த்தைத் தொட்டாலும், கரண்ட் சுற்றி வரப் பாதை இல்லை. பிரேக்கர் விழாது, வென்டிலேட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் இன்சுலேஷன் குறைந்துவிட்டது என்று ஒரு மானிட்டர் சொல்லிவிடும். ஐஇசி 60364-7-710 என்ற சர்வதேச விதிப்படி, இன்சுலேஷனின் தடை 50 கிலோ ஓமுக்குக் கீழே போவதற்குள் அது அலாரம் கொடுக்க வேண்டும். சத்தத்தை நிறுத்திக்கொள்ளலாம். மஞ்சள் விளக்கை மட்டும் ஃபால்ட் சரியாகும்வரை அணைக்க முடியாது.

அந்த மஞ்சள் விளக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். அப்போது நான் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டேன். "அது எப்பவும் எரிஞ்சுக்கிட்டேதான் சார் இருக்கும், கேஸ் நடக்கும்போது டாக்டருக்குத் தொந்தரவா இருக்குன்னு ஒட்டிட்டோம். மெயின்டனன்ஸுக்கு மூணு தடவை சொல்லியாச்சு" என்றார். அவர் மேல் தப்பே இல்லை. மூன்று தடவை சொல்லியும் வந்து பார்க்காத எங்கள் துறையின் தப்பு.

பிளாஸ்திரியை உரித்துப் பார்த்தால் டிஸ்ப்ளேயில் 31 கிலோ ஓம். அன்று கடைசி கேஸ் முடிந்ததும் நானும் ஒரு டெக்னீஷியனும் உட்கார்ந்து பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். மயக்க மருந்து மெஷின்: எண் அசையவில்லை. நோயாளி மானிட்டர்: அசையவில்லை. டயாதெர்மி (கரண்ட்டால் சதையை வெட்டும் கருவி): கொஞ்சம் ஏறி நின்றது. ஆபரேஷன் டேபிளின் கார்டை உருவினோம், ஒரே தாவலில் 400-ஐத் தாண்டியது. டேபிளின் சக்கரம் பல மாதங்களாக அந்தக் கார்டின் மேல் ஏறி இறங்கியிருக்கிறது. மேலுறை சப்பையாகி, ஓர் இடத்தில் பிளந்து, உள்ளே சலைன் இறங்கிக் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. இதே சமயத்தில் இன்னொரு கருவியில் இரண்டாவது ஃபால்ட் வந்திருந்தால், ட்ரிப் ஆகவே கூடாத சர்க்யூட் ட்ரிப் ஆகியிருக்கும், வயிறு திறந்த நிலையில் நோயாளி டேபிளில் இருக்கும்போது. கார்டை மாற்ற இருபது நிமிடம் ஆனது.

அன்றைக்கு முடிவு செய்ததைத்தான் இன்று வரை எல்லோரிடமும் சொல்கிறேன். இந்த வேலையை சப்ஸ்டேஷனிலிருந்து கற்றுக்கொள்ளாதீர்கள். நோயாளியின் கட்டிலிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோரும் நேராக ஓடுவது ஹெச்டி (உயர் அழுத்த) பேனலுக்கும் ஜெனரேட்டர் ரூமுக்கும்தான். அதுதான் பெரிய எலக்ட்ரிகல், மற்றதெல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை என்று ஒரு நினைப்பு. எனக்கும் இருந்தது. ஆனால் ட்ரான்ஸ்ஃபார்மரும் ஜெனரேட்டரும் எந்தத் தொழிலிலும் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் மட்டுமே இருப்பது அந்தக் கட்டில் தலைமாட்டில் இருக்கிற ஒரு மீட்டர் பேனல். அங்கே பேசப்படும் கணக்கு மைக்ரோ ஆம்பியரில். வெளியே நாம் தொட்டு உணரும் கரண்ட்டே ஏறக்குறைய ஒரு மில்லி ஆம்பியர். இதயத்துக்குள் கதீட்டர் போயிருக்கும் ஒருவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, 100 மைக்ரோ ஆம்பியர் அளவு நேராக இதயத்தில் பாய்ந்தாலே துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும். அதனால்தான் இதயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள சிஎஃப் வகைக் கருவிகளில், எல்லாம் சரியாக இருக்கும் நிலையில் நோயாளி வழியே கசியும் கரண்ட் 10 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்று ஐஇசி 60601 சொல்கிறது. நம் கைக்குத் தெரியவே தெரியாத கரண்ட் ஓர் உயிரை எடுக்கும் என்பதை மனதில் வாங்கிக்கொண்ட இன்ஜினீயர், எர்த் வயரின் நட்டை முறுக்கும் விதமே வேறாக இருக்கும்.

சரி, கட்டிலிலிருந்து கற்பது என்றால் எப்படி? ஐசியூவில் ஒரே ஒரு சிவப்பு சாக்கெட்டை, அதாவது மெயின் போனாலும் சப்ளை இருக்க வேண்டிய சாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். அது எந்த டிபியிலிருந்து (கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வருகிறது, அந்த டிபிக்கு எந்த யூபிஎஸ், அந்த யூபிஎஸ்ஸுக்கு எந்த சேஞ்ச்ஓவர் (மெயினிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்), அதற்கு எந்த ஜெனரேட்டர், அந்த ஜெனரேட்டருக்கு டீசல் எந்த டேங்கிலிருந்து எந்த பம்ப் வழியாக வருகிறது, அந்த பம்புக்கு யார் கரண்ட் கொடுக்கிறார்கள், இப்படிப் பின்னாலேயே நடந்து போங்கள். டிராயிங்கை நம்பாதீர்கள், கேபிளைப் பாருங்கள். நான் ஒருமுறை இப்படி நடந்தபோது, புதுப்பித்துக் கட்டிய ஒரு பகுதியில் நான்கு சிவப்பு சாக்கெட்டுகள் சாதாரண சப்ளையில் இருந்தன. வேலையை முடிக்கிற அவசரத்தில் பக்கத்தில் கிடைத்த டிபியிலிருந்து இழுத்திருக்கிறார்கள். சாக்கெட்டின் நிறம் மட்டும் சிவப்பு. அங்கே எத்தனை பேருக்கு சிரிஞ்ச் பம்ப் ஓடியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

டீசல் பம்ப் வரைக்கும் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, பெல்வியூ ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில் பத்திரமாக இருந்தன. எரிபொருளை மேலே ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில். வெள்ளம் உள்ளே புகுந்ததும் பம்புகள் போய்விட்டன. ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று, எரிபொருளைக் கை மாற்றிக் கை மாற்றி 13 மாடி ஏற்றினார்கள். அப்படியும் கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஜெனரேட்டர் ரூமில் மட்டும் நின்று பார்த்தால் அங்கே ஒரு குறையும் தெரிந்திருக்காது.

இதில் வளர்ச்சி இருக்கிறதா என்று அந்தப் பையன் கேட்டான். நான் ஏர்ல் பாக்கனைப் பற்றிச் சொன்னேன். மினியாபொலிஸில் எலக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, 1949-ல் ஒரு கராஜில் ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில் தொடங்கியவர். கருவி ரிப்பேருக்குப் போகிற இடத்தில் டாக்டர்களோடு பழகி, தியேட்டருக்குள்ளும் நின்று பார்த்தவர். அப்போது பேஸ்மேக்கர் என்பது சுவர் பிளக்கில் ஓடுகிற பெட்டி. 1957 அக்டோபர் 31 அன்று ஊரில் பெரிய மின்தடை. அதற்குப் பிறகு இதய அறுவை டாக்டர் லில்லஹை, பேட்டரியில் ஓடுகிற ஒன்றைச் செய்ய முடியுமா என்று இவரிடம்தான் கேட்டார். நான்கே வாரத்தில், உடம்பில் கட்டிக்கொள்கிற அளவில் செய்து கொடுத்தார். அவர் தொடங்கிய அந்த ரிப்பேர் கம்பெனிதான் மெட்ரானிக். எல்லோரும் பாக்கன் ஆகிவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்வி அவரிடம் வந்ததற்குக் காரணம் அவர் வார்டு பக்கம் இருந்தார் என்பதே.

இங்கே எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. பல ஆஸ்பத்திரிகளில் எலக்ட்ரிகல் ஒரு துறை, மருத்துவக் கருவிகளைக் கவனிக்கும் பயோமெடிக்கல் ஒரு துறை, நடுவில் சுவர். சாக்கெட் வரைக்கும் உன்னுடையது, பிளக்கிலிருந்து என்னுடையது என்று பிரித்துக்கொள்கிறார்கள். கசியும் கரண்ட்டுக்கு அந்த எல்லை தெரியாது. அந்த ஆபரேஷன் டேபிள் கார்டு மாதக்கணக்கில் கிடந்ததற்கும் இதுதான் காரணம். அலாரம் எங்களுடையது, டேபிள் அவர்களுடையது. நீங்கள் சேர்ந்தால் முதல் வாரமே பயோமெடிக்கல் ஆட்களோடு டீ குடியுங்கள். அவர்கள் கசியும் கரண்ட்டை அளக்கும் லீக்கேஜ் டெஸ்ட் எடுக்கும்போது கூட நில்லுங்கள். அப்புறம், சிஸ்டர்கள் சொல்லும் சின்னப் புகார் எதையும் தள்ளாதீர்கள். "இந்த பாயின்ட்ல மாட்டினா மட்டும் ஈசிஜியில கோடு நடுங்குது" என்று ஒருவர் சொன்னால், அது எர்த்திங்கைப் பற்றிய தகவல். இருபத்து நான்கு மணி நேரமும் அந்த இடத்தில் இருப்பவர்கள் அவர்கள்.

கஷ்டமும் உண்டு. எல்லோரும் தூங்கும்போதுதான் ஷட்டவுன் கிடைக்கும். விசேஷ நாட்களில் வீட்டில் இருக்க முடியாது. எல்லாம் ஒழுங்காக ஓடும்போது உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. முதல் சில வருடங்கள் சம்பளமும் சுமார்தான். நான்கைந்து வருடம் தாண்டி, இந்த விதிகளை உண்மையில் தெரிந்தவர் என்று பெயர் எடுத்தால் டிசைன், கமிஷனிங், பாதுகாப்பு ஆடிட் என்று வழிகள் திறக்கின்றன. தெரிந்தவர்கள் குறைவு என்பதால் தேடி வருகிறார்கள்.

அந்தப் பையனுக்கு இன்னும் நேர்காணலின் கடைசிச் சுற்று பாக்கி. அதில் இரண்டு கேள்விகளை அவனையே கேட்கச் சொன்னேன். தியேட்டர் இன்சுலேஷன் மானிட்டர் அலாரங்களைப் பதிவேட்டில் எழுதுகிறீர்களா? மெயின் சப்ளையை உண்மையிலேயே நிறுத்தி, லோடோடு ஜெனரேட்டரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? முழித்தால், அங்கே போய்ச் சேர்ந்து தனியாகப் போராட வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்து வந்து காட்டினால், சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம்.