எலிசபெத் வெறும் ரசிகை இல்லீங்க

"டெகார்ட்டுக்கு இளவரசி எலிசபெத் எழுதுனதெல்லாம் ரசிகை லெட்டர், தத்துவம் ஒண்ணும் கிடையாது"னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது. தப்புங்க. டெகார்ட் 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு தத்துவவாதி, எலிசபெத் பொஹிமியா நாட்டு இளவரசி.

1643 மே மாசம் ஹேக் நகரத்துல இருந்து போன முதல் லெட்டர்லயே, உருவமே இல்லாத ஆன்மா உடம்பை எப்படி அசைக்கும்னு நேராவே கேக்குறாங்க, அவரும் என் எழுத்தைப் படிச்சவங்க கேக்க வேண்டிய சரியான கேள்வி இதுதான்னு ஒத்துக்கிட்டு பதில் போடுறாரு, ஆனா அந்தப் பதில்ல திருப்தி இல்லாம ஜூன்ல மறுபடி மடக்குறாங்க! 1644ல தன்னோட தத்துவப் புத்தகத்தையே அவங்களுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணாரு.

எலிசபெத் எழுதுன லெட்டருங்க 1879லதான் அச்சாச்சு, இந்தக் குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்னு தோணுது. டெகார்ட்டோட பிரெஞ்சு முழுத் தொகுப்பு இன்டர்நெட் ஆர்கைவ்ல ஃப்ரீயா இருக்கு, ரெண்டு பேர் லெட்டரையும் அதுல பாக்கலாம். அந்த மெசேஜை இனிமே யாருக்கும் அனுப்பாதீங்க ப்ளீஸ்.