சிதைக்கு ஒரு பின்னணிப் பாட்டு

நேற்றிலிருந்து எல்லார் பக்கத்திலும் ஓடுகிற அந்தக் காசி ரீல்ஸைப் பற்றித்தான். லிங்க் தர மாட்டேன், ஓடினது போதும். எடுத்தவர் படகில் போகிறார், மணிகர்ணிகா படித்துறையில் சிதை எரிகிறது, ஜூம் செய்கிறார், பாட்டு போடுகிறார். நான் கமெண்டில் எழுதியது ஒரே வரி: எரிகிற பிணத்தைப் படம் எடுக்காதீர்கள். அதற்குத்தான் இத்தனை வசவு.

"பொது இடம்தானே?" சரி. உங்கள் தெருவும் பொது இடம்தான். உங்கள் வாசலில் பாடை கட்டும்போது நான் வந்து ஜூம் செய்யட்டுமா?

"காசிக்குப் போய்ப் படகில் ஏறாமல் வருவதா?" ஏறுங்கள் சாமி, யார் தடுத்தது! கங்கை அங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், கிழக்கு பார்த்து. எதிர்க்கரை வெறும் மணல். விடியற்காலை அசி காட் படித்துறையில் படகு ஏறினால் முதல் வெயில் நேராகப் படிகளில் வந்து விழும். பாரதி பதின்வயதில் இருந்த அனுமன் காட், அப்புறம் அரிச்சந்திரா, அதைத் தாண்டினால் கேதார் காட். அந்தச் சிவப்பு வெள்ளைப் பட்டையைப் பார்த்ததும் நம்மூர்க் கோயில் மதில் ஞாபகம் வரும். குமரகுருபரர் மடம் அங்கேதான். இதில் ஒன்றாவது அந்த ரீல்ஸில் உண்டா? அவருக்குக் கிடைத்தது பிணம்தான்.

"மரணத்தைப் பார்த்தால் ஞானம் வரும், அதுதான் காசி." வரட்டும். ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பார்த்தால் வராதா?

2018இல் அப்பாவின் அஸ்தியோடு போயிருந்தேன். சித்தப்பாவும் நானும், ஒரு துடுப்புப் படகு. நடு ஆற்றில் கலயத்தைக் கையில் எடுத்தபோது பக்கத்தில் ஒரு மோட்டார் படகு வந்து நின்றது. டீசல் புகை. அதிலிருந்து ஒரு குரல், சுத்தமான தமிழில்: "அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க."

நான் திரும்பினேன். அதுதான் இன்றுவரை ஆறவில்லை. யாராவது 'அண்ணா' என்றால் திரும்பிப் பழகிய கழுத்து. படகோட்டி இந்தியில் கத்தி அவர்களை விரட்டினார். சித்தப்பா ஒன்றும் பேசவில்லை.

"நீ மட்டும் யோக்கியமா?" இல்லை. அன்று சாயங்காலம் தசாசுவமேத ஆரத்தியை முழுக்க ஃபோன் வழியாகவே பார்த்தவன்தான். ஆனால் ஆரத்தி நாலு பேர் பார்க்க எடுப்பது. சிதை அப்படியா?

"வயிற்றெரிச்சல்" என்று எழுதியவருக்குப் பதில் கிடையாது. ஆமாம், எரிச்சல்தான்.

அந்த மோட்டார் படகு வீடியோ யாருடைய ஃபோனிலோ இன்னும் இருக்கும். அதற்கு என்ன பாட்டு போட்டிருப்பார்களோ.