அது 60களில் தோன்றிய ஆட்டக் குழு இல்லை

ஒமேகா சை ஃபை 60களில் தோன்றிய ஆட்டபாட்டக் குழு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. 1911 நவம்பர் 17 அன்று அமெரிக்காவின் வாஷிங்டனில் உள்ள ஹாவர்டு (Howard) பல்கலைக்கழகத்தில், உயிரியல் ஆசிரியர் எர்னஸ்ட் ஜஸ்ட்டின் அறையில் மூன்று கறுப்பின மாணவர்கள் அவரோடு சேர்ந்து தொடங்கிய சகோதரர் சங்கம் (கல்லூரி ஆண்கள் சேரும் fraternity) அது.

காலடி தட்டி ஆடுவார்கள், சரி. ஆனால் வட, தென் கரோலினா மாநிலங்கள் அடங்கிய, சங்கத்தின் ஆறாவது மாவட்டப் பிரிவைக் கொஞ்சம் பாருங்கள். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான திறன் தேடல் போட்டி 1940களில் முளைத்தது அங்கேதான். நிறப் பிரிவினை சட்டமாக இருந்த காலம்! வயலினோடு மேடையேறும் ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு அந்தக் கைதட்டலும் கல்வி உதவித்தொகையும் எவ்வளவு பெரிய விஷயம்! பிறகு சங்கம் முழுவதும் அதை எடுத்துக்கொண்டது, இன்றும் நடத்துகிறது.