தாய்மாருக்குப் புத்தி சொல்வதற்கு முன் தராசை மலைக்கு அனுப்புங்கள்

அந்தக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் மீண்டும் பகிரப் போவதில்லை. மலையகத் தேயிலைத் தோட்டத்துத் தாய்மாருக்கு அக்கறை போதாது, கிளினிக்குக்கு ஒழுங்காக வருவதில்லை, அதனால்தான் பிள்ளைகள் வளர்ச்சி குன்றிக் கிடக்கின்றன என்று ஒரு சுகாதார அதிகாரி மேடையில் சொல்கிறார். முன்வரிசையில் அமர்ந்திருந்த நம்மவர்களே அதற்குக் கைதட்டுகிறார்கள். பேச்சைவிட அந்தக் கைதட்டல்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

பிள்ளைகள் வளர்ச்சி குன்றியிருப்பது உண்மை. இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர்; தோட்டத்துறையில் 32 பேர். இந்த வித்தியாசம் முழுவதும் தாய்மாரின் அக்கறைக் குறைவால் வந்தது என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கிளினிக் வேலை நாளில், காலையில், கீழே டவுனில் நடக்கிறது. மேல் பிரிவிலிருந்து இறங்கி வரும் பெண்ணுக்கு அன்றைக்குப் பேர், அதாவது நாள் சம்பளம், போடமாட்டார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் அரைப் பேர். சம்பளத்தை இழந்து, ஆட்டோவுக்கும் காசு கொடுத்து வருபவளைப் பார்த்துத்தான் அக்கறை இல்லை என்கிறார்கள். பறித்த கொழுந்தை நிறுக்கும் தராசு ஒவ்வொரு நாளும் மலைக்கே வருகிறதே, பிள்ளையை நிறுக்கும் தராசு மாதத்துக்கு ஒருமுறை, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தால் என்ன குறைந்துவிடும்?

என் அக்கா கொழுந்து பறிப்பவர். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது இரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். கடதாசி உறையில் சிங்களத்தில் ஏதோ எழுதியிருந்தது. அதைக் கொடுத்தவர் சொன்னதும் அக்காவுக்குப் பாதிதான் விளங்கியது. அவர் ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிடவில்லை. சாப்பிட்டு முடித்து, ஒரு கோப்பை சாயத்தண்ணியோடு, அதாவது பால் சேர்க்காத தேநீரோடு, ஒழுங்காக விழுங்கி வந்தார். அந்தச் சாயத்தண்ணிதான் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கிறது என்பதை அவருக்குத் தமிழில் சொல்ல அங்கே யாரும் இருக்கவில்லை. அடுத்த முறை இரத்தம் பரிசோதித்துவிட்டு, மாத்திரை குடிப்பதில்லையா என்று அவரையே ஏசினார்கள்.

‘எல்லாவற்றையும் இனப் பிரச்சினையாக்காதே’ என்று எழுதவிருக்கும் தம்பிமார் தாராளமாக எழுதலாம். நான் பதில் சொல்லப் போவதில்லை. ‘வீடு வீடாகப் போய்த் தாய் சேய் நலம் பார்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் போதாது, இருப்பவர்கள் எத்தனை மலைதான் ஏறுவார்கள்’ என்று கேட்பவர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: அது நியாயமான கேள்வி. அட்டை கடிக்க மழையில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம் லயமாக ஏறி இறங்கும் அந்தப் பெண்களை நான் அறிவேன். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி தவறாமல் கிடைப்பதும், பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததும் அவர்களுடைய உழைப்பால்தான். அதனால்தான் கேட்கிறேன், உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்பில் துணிக்கடைகளில் நிற்கும் நம் பெண் பிள்ளைகளை எடுத்து, ஒன்றரை ஆண்டு பயிற்சி கொடுத்து, அவர்கள் பிறந்த தோட்டங்களுக்கே அனுப்ப எது தடையாக இருக்கிறது?

‘அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது, போய் வாங்க வேண்டியதுதானே’ என்று ஒரு நண்பர் நேற்றே எழுதிவிட்டார். 1973 முதல் திரிபோஷ என்ற சத்துமா கொடுக்கிறார்கள், நன்றி. கர்ப்பிணிக்குக் கொடுக்கும் பொதியை வீட்டில் எல்லோரும் பங்கிட்டுக் குடித்துவிடுகிறார்கள் என்ற குறையையும் பலமுறை கேட்டுவிட்டேன். லயத்துக் காம்பராவில், பசியோடு இருக்கும் மூத்த பிள்ளையின் முன்னால் தான் மட்டும் தின்னும் தாய் ஒருத்தியை எனக்குக் காட்டுங்கள், பிறகு பேசலாம்.

தேயிலைச் செடிக்கு என்ன நோய், எப்போது கவாத்து, என்ன உரம் என்று பார்க்க 1925இலேயே ஆராய்ச்சி நிலையம் அமைத்த நாடு இது. செடி காய்ந்தால் செடியை யாரும் ஏசுவதில்லை. தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் முழுமையாகப் பொறுப்பேற்கும் பேச்சோ ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. தோட்டத்தை நடத்தும் கம்பனியைக் கேட்டால் அரசாங்கம் என்கிறது, அரசாங்கத்தைக் கேட்டால் கம்பனி என்கிறது. கடைசியில் குற்றவாளி, கூடையைத் தலையில் மாட்டிய கர்ப்பிணிப் பெண்.

இதைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டம் வைக்கிறார்களாம், வேலை நாளில், காலை பத்து மணிக்கு. தலைவர்மாருக்கும் தோட்ட நிர்வாகிகளான துரைமாருக்கும் அழைப்பு போயிருக்கிறது. தாய்மார் எவரையும் அழைத்ததாகத் தெரியவில்லை.