எண்ணெயை எழுதாத கலோரிக் கணக்கு

எடையைக் குறைக்க முடிவெடுத்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "சாப்பிடுவதன் கலோரியை எழுதிவைக்க எந்த ஆப் நல்லது?" என்றுதான். என்னைக் கேட்டால், நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு இரண்டு வசதி இருக்கிற எந்த ஆப்பும் போதும். எதையும் கிராம் கணக்கில் எழுத முடிய வேண்டும். நம் சமையலை நாமே பொருள் பொருளாகச் சேர்த்து, இறக்கி வைத்த பிறகு உள்ள மொத்த எடையையும் கொடுத்துச் சேமித்து வைக்க முடிய வேண்டும். அவ்வளவுதான். பட்டியலில் இத்தனை லட்சம் உணவுகள் இருக்கின்றன என்று ஆப்காரர்கள் பெருமை பேசுவதை நான் பொருட்படுத்துவதே இல்லை.

'சாம்பார், 1 கப்' என்று தேடிப் பாருங்கள். ஒரே பெயரில் வரிசையாக வந்து நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு கணக்குச் சொல்லும். மைஃபிட்னஸ்பால் மாதிரியான ஆப்களில் பெரும்பகுதி பயனர்களே ஏற்றியது. யாரோ ஒருவர் வீட்டுப் பருப்பு, அவர் வீட்டுக் கப். குரோனோமீட்டர் என்ற ஆப் இந்த விஷயத்தில் கறார். அமெரிக்க வேளாண் துறையின் தரவு போன்ற சரிபார்த்த பட்டியல்களைத்தான் அடிப்படையாக வைத்திருக்கிறது. ஆனால் வாழைப்பூ உசிலிக்கு அங்கே போய் நிற்க முடியாது. ஹெல்திஃபை என்ற ஆப் பெங்களூரில் பிறந்தது, அதனால் இட்லியும் பொங்கலும் அதற்குத் தெரியும். பெயர் தெரிந்து என்ன, உங்கள் வீட்டுப் பொங்கலில் எவ்வளவு நெய் விழுந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

மூலப்பொருள்களுக்கு நம்பகமான எண்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுகள் உண்டு. நாடு முழுக்க மாதிரி எடுத்து ஆய்வகத்தில் அளந்தவை. ஆற்றலைக் கிலோஜூலில் போட்டிருப்பதுதான் ஒரே தொல்லை, 4.184 ஆல் வகுத்தால் நாம் பேசும் கலோரி வந்துவிடும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3,500 கலோரி. தண்ணீர் விட்டு அரைத்த மாவை நிறுத்துப் பார்த்தால் இரண்டரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 100 கிராம் மாவுக்கு 140 கலோரி. ஒரு குழிக்கு 50 கிராம் மாவு ஊற்றினால் இட்லி ஒன்றுக்கு 70. தோசைக்கு 80 கிராம் மாவு என்றால் 110 சொச்சம், எண்ணெய் தனி. ஒருமுறை போட்டு வைத்தால் அந்த மாவு தீரும்வரை வேறு வேலை இல்லை. 'தோசை, 1' என்று ஆப்பில் இருப்பதை அப்படியே போட்டால், அது வீட்டுத் தோசையா, ஓட்டலில் மேசைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நெய் ரோஸ்ட்டா?

சோறும் இதே மாதிரிதான். நூறு கிராம் அரிசி சுமார் 350 கலோரி. அதையே வடித்த பிறகு நூறு கிராம் எடுத்தால் 130 தான், மீதி தண்ணீர். சோற்றை நிறுத்துவிட்டு அரிசி என்று எழுதுகிறவர்கள் இரண்டு பங்குக்கு மேல் கூட்டி எழுதிவிட்டு, "இவ்வளவு சாப்பிட்டும் எடை ஏறவில்லையே" என்கிறார்கள். அரிசியை நிறுத்துச் சோறு என்று எழுதினால் நேர் எதிர். பாத்திரங்களின் வெறும் எடையை ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். குழம்பை இறக்கியதும் சட்டியோடு நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம்.

இப்போது எண்ணெய்க்கு வருவோம். என் கணிப்பில் நம் ஊர் கலோரிக் கணக்குகள் கவிழ்வதே இங்கேதான். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம் வரும், அதுவே 120 கலோரி. நம் அடுப்படியில் யார் மேசைக்கரண்டியால் அளந்து ஊற்றுகிறார்கள்? தாளிக்க ஒரு சுற்று, பொரியல் அடிபிடித்தால் இன்னொரு சுற்று, தோசை ஓரத்துக்கு ஒன்று. ஆப்பில் எழுதுவதோ 'பீன்ஸ் பொரியல்'. அதில் பீன்ஸுக்கு உள்ள கலோரி எண்ணெய்க்கு உள்ளதைவிடக் குறைவாகக்கூட இருக்கும். தேங்காய்த் துருவலையும் மறந்துவிடுவார்கள், அது நூறு கிராமுக்கு 350-க்கு மேல்.

இதற்கு ஒரு சுலப வழி உண்டு. எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். ஊற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். மைனஸ் 18 என்று காட்டினால் சட்டிக்குள் போனது 18 கிராம், 160 கலோரி. கரண்டியும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். அதுவும் முடியாது என்றால் மளிகைச் சீட்டைப் பாருங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம். நாலு பேர் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் தீர்கிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 23 கிராம், அதாவது 200 கலோரிக்கு மேல். உங்கள் ஆப் நாளுக்கு 5 கிராம் எண்ணெய் என்று காட்டுகிறதா? மீதியை யார் குடித்தார்கள்?

தட்டைப் போட்டோ எடுத்தால் கலோரி சொல்லும் வசதியை இதனால்தான் நான் நம்புவதில்லை. கேமராவுக்கு அப்பளம் தெரியும். கூட்டுக்குள் கலந்துவிட்ட எண்ணெய் எந்தக் கேமராவுக்குத் தெரியும்? காபிக்கு ஊற்றியது ஆவின் நீலமா ஆரஞ்சா என்றும் தெரியாது. நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. நூறு மில்லிக்கு 30 கலோரி வித்தியாசம். நாளுக்கு மூன்று நாலு காபி குடிப்பவர்களுக்கு அது சும்மா இல்லை.

"நான் எல்லாவற்றையும் எழுதுகிறேன், எடைதான் அசையவில்லை" என்பவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. 1992-ல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்றவர்களைச் சோதித்தபோது, அவர்கள் எழுதிக் கொடுத்தது உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. அப்படிச் சொன்ன குழுவில் இருந்தது பத்துப் பேர்தான். ஆனாலும் கண்ணளவை நம்ப எனக்குத் தைரியம் போய்விட்டது.

அப்புறம், இதை யாரும் பேசுவதில்லை: பல வீடுகளில் சமைப்பவர் ஒருவர், கணக்கெழுதுபவர் இன்னொருவர். மனைவியோ அம்மாவோ அவசரமாகத் தாளித்துக்கொண்டிருக்கும்போது தராசை நீட்டி, "இதுல வெச்சிட்டு ஊத்தும்மா" என்றால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்கு வேண்டும் என்பவர் அடுப்படிக்குப் போய்ச் சமைக்கட்டும். குறைந்தபட்சம் தன் தோசையைத் தானே சுட்டுக்கொள்ளட்டும்.

கல்யாணப் பந்தியில் தராசைத் தூக்காதீர்கள். 1,200 கலோரி என்று ஒரே வரியாக எழுதிவிட்டுப் பாயசத்தைக் குடியுங்கள். சாப்பாட்டைப் பார்த்தாலே பயம் வருகிற அளவுக்கு இந்த எண்கள் ஆட்டிவைத்தால், ஆப்பை அழித்துவிட்டு மருத்துவரிடம் பேசுவது நல்லது. மற்றவர்கள் நாலு வாரம் ஒரே முறையில் எழுதுங்கள், வாரச் சராசரி எடையைப் பாருங்கள். அசையவில்லையா, ஆப் கொடுத்த தினசரி கலோரி இலக்கிலிருந்து நூறு நூற்றைம்பது குறையுங்கள். உங்கள் கணக்கில் பத்து சதவீதம் பிழை இருந்தாலும், தினமும் அதே பிழை என்றால் இந்தத் திருத்தத்திலேயே சரியாகிவிடும்.

காசு கட்ட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். 2022-ல் மைஃபிட்னஸ்பால் தன் பார்கோடு ஸ்கேனரைக் கட்டணப் பிரிவுக்கு மாற்றியபோது வெளிநாடுகளில் ஏகப்பட்ட கூச்சல். பாக்கெட் சாப்பாட்டில் காலம் தள்ளுபவர்களுக்கு அது நிஜமான நஷ்டம். நாம் வாங்கும் முருங்கைக்கீரைக் கட்டில் பார்கோடு எங்கே இருக்கிறது? முதல் மாதம் இலவசப் பிரிவே தாராளம். சில நூறு ரூபாய்க்குச் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள், ஒரு செட் பேட்டரி கூடுதலாக.